ஆபா போடாத கையெழுத்து

எங்கள் அலுவலக மேசையின் நடுவில் மூன்று பக்கமும் கால் பரப்பிக்கொண்டு ஒரு ஸ்பீக்கர் போன் கிடக்கும். ஆபாவின் குரலை நான் முதலில் அதில்தான் கேட்டேன். நேரில் பார்த்தது வெகுநாள் கழித்து. சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மேசையைச் சுற்றி எங்கள் குழு முழுக்க உட்கார்ந்திருந்தது. டாக்காவிலிருந்து ஒரு பெண்குரல், நாங்கள் அனுப்பிய மென்பொருளில் எதெல்லாம் ஓடவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனது. குரலில் கோபம் இல்லை, அவசரமும் இல்லை. எங்கள் டீம் லீடர் மியூட் பொத்தானை அழுத்திவிட்டு, "சரியான பேஜாரு புடிச்ச அம்மாப்பா இது, ஒண்ணத்தையும் விடாது" என்றார். பொத்தான் சரியாக அழுந்தவில்லை. பிறகு அந்தக் குரல் ஆங்கிலத்தில், "தமிழா அது? கேட்க நன்றாக இருக்கிறது. அடுத்ததற்குப் போகலாமா?" என்றது. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முகம் தெரியாத அந்த அம்மாளை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

எங்கள் வேலை இதுதான். பக்கத்து நாடுகளில் உள்ள செல்போன் கம்பெனிகளுக்கு, சின்னக் கடைகளில் உட்கார்ந்தபடியே வாடிக்கையாளரின் போனுக்கு ரீசார்ஜ் செய்து கொடுக்க ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். டாக்கா, காத்மாண்டு, கொழும்பு என்று மூன்று ஊர்களில் ஆட்கள். டாக்காக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு, காத்மாண்டுக்காரர்களுக்குச் சனிக்கிழமை, எங்களுக்கும் கொழும்புக்கும் ஞாயிறு. யாராவது ஒருவர் எப்போதும் விழித்துக்கொண்டு எங்களைக் கூப்பிடுவார். அந்த நாளில் எங்களுக்கு ஒரு மிதப்பு இருந்தது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. சாஃப்ட்வேர் என்றால் நாம்தான், பக்கத்து வீட்டுக்காரர்கள் நம்மிடம் வந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எங்களில் பாதிப் பேர் நிஜமாகவே நம்பினோம்.

அந்த மிதப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட்டவர்களும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். கொழும்பிலிருந்து ஒருநாள், கடைக்காரர்களுக்குத் தமிழிலும் திரை வேண்டும் என்று கேட்டார்கள். குழுவில் எல்லோரும் தமிழர்கள், ஒருவரும் அதுவரை தமிழில் ஒரு திரை செய்ததில்லை. எந்தச் சொல்லைப் போடுவது என்று எங்களுக்குள் அடிதடி நடந்து, கடைசியில் சொற்களையும் அவர்களே அனுப்பி வைத்தார்கள். காத்மாண்டுக்காரர்களோ, மலைமேல் மின்சாரமே எட்டிப் பார்க்காத கடைகளைப் பற்றிப் பேசினார்கள். டாக்காவில் டீக்கடைக்காரர் கையில் இருக்கும் சாதாரணப் பொத்தான் போனே போதும், கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம் என்றார்கள். எங்கள் சிறுசேரி வளாகத்தின் வாசலில் பெட்டிக்கடை வைத்திருந்தவரிடம் ரீசார்ஜ் கேட்டால், சுரண்டுகிற கார்டுதான் இருந்தது. ஒருவர் ஒன்றில் முந்தியிருந்தார், இன்னொருவர் இன்னொன்றில். யார் முன்னால் யார் பின்னால் என்று வரிசைகட்டிச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை.

என் நிலைமையைச் சொல்ல வேண்டும். நான் ஒப்பந்த ஊழியர். நிரந்தர ஊழியர்களின் அடையாள அட்டைக்கு நீலப் பட்டை, எங்களுக்கு ஆரஞ்சு. கேன்டீனில் தட்டை நீட்டும்போதுகூட அது கண்ணில் படும். அப்பா மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். நான் வேலைக்குச் சேர்வதற்குச் சற்று முன்பு இறந்துபோனார். திருக்கழுக்குன்றத்துக்குப் போகும் சாலையோரம் அம்மா ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். எல்லோர் கையிலும் செல்போன் வந்துகொண்டிருந்ததில் அங்கே கூட்டம் வற்றிவிட்டது. தம்பி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். வீடு என் சம்பளத்தில்தான் நின்றது. டாக்காக்காரர்கள் வந்து சோதித்துப் பார்த்து, 'ஏற்றுக்கொண்டோம்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் ஒப்பந்தக்காரர்களை நிரந்தரமாக்குவதாக மேலாளர் சொல்லியிருந்தார். கையெழுத்து விழாவிட்டால் முதலில் வெளியே போவது நாங்கள்தான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

கையெழுத்துப் போட வந்தவர் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர். குட்டையான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கழுத்துக் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. குழுவில் எல்லோரும் மேடம் என்று அழைத்தோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் அக்காவை ஆபா என்போம், அலுவலகத்திலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றார். நான் மட்டும் உடனே ஆபா என்று ஆரம்பித்துவிட்டேன். டீம் லீடர் கடைசிவரை மேடம்தான். ஆபா பேசியதெல்லாம் ஆங்கிலம். என் காதில் அது எப்படியோ தமிழாகவே விழுந்து தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

வந்த வாரத்தின் வியாழக்கிழமை காலை, கடைக்காரரைப் பதிவுசெய்யும் திரையைத் திறந்து அவர் தன் பெயரையே அடித்துப் பார்த்தார். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: இனிஷியல் இல்லை. மறுபடி அடித்தார், மறுபடி சிவப்பு. "இது என்ன?" என்றார். டீம் லீடர் சர்வ சாதாரணமாக, "அப்பா பேரோட முதல் எழுத்து மேடம். அது இல்லாம உள்ள போகாது" என்றார். எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து இனிஷியல் இல்லாத பெயரை நாங்கள் பார்த்ததில்லை. பேனா என்றால் மூடி இருக்கும் என்கிற மாதிரி, பெயர் என்றால் முன்னால் ஒரு எழுத்து இருக்கும். திரையை வரைந்தவர், எழுதியவர், சோதித்தவர் எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள். உலகத்தில் பல பேருக்கு இனிஷியலே கிடையாது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஆபா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கேட்டார். "கல்யாணம் ஆன பெண் என்றால்?"

"வீட்டுக்காரர் பேரோட முதல் எழுத்து போட்டுக்கலாம் மேடம்."

"அப்போது கடையின் கணக்கு எண்ணும் மாறிவிடுமா?"

ஆமாம், மாறிவிடும். ஒவ்வொரு கடைக்கும் நாங்கள் கொடுத்த குறியீடே அந்த எழுத்தில்தான் தொடங்கியது. அறிக்கைகள், தேடல், எல்லாம் அதன்மேல்தான் கட்டியிருந்தோம். அதை எடுப்பதென்றால் அஸ்திவாரத்தைத் தோண்டுவது மாதிரி, மாதக்கணக்கில் வேலை. மேலாளர் வந்து ஒரு வழி சொன்னார். இப்போதைக்கு எல்லாருக்கும் எக்ஸ் என்று ஒரு எழுத்தைப் போட்டுவிடலாம், அடுத்த பதிப்பில் சரிசெய்து தருகிறோம், நீங்கள் கையெழுத்தைப் போடுங்கள். ஆபா யோசிக்கிறேன் என்றார். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, அவருக்கு ஓய்வு நாள். சனிக்கிழமை கூட்டம். மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீதான் அவங்ககூட நல்லா ஒட்டிக்கிட்டியே. மாமல்லபுரம் கூட்டிட்டுப் போ. நல்லா சுத்திக் காட்டி, மனசு குளிர கொண்டு வந்து விடு" என்றார்.

மாமல்லபுரத்தில் ஆபா கடற்கரைக் கோயிலை மரியாதையாக ஒரு சுற்றுப் பார்த்தார். அதைவிட அதிக நேரம், வாசலில் பாசிமணி விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் நின்றார். போன் வைத்திருக்கிறாயா, எங்கே ரீசார்ஜ் செய்வாய், கார்டை யார் சுரண்டித் தருவார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. நடுவில் நின்று நான் தமிழாக்கினேன். அர்ச்சுனன் தபசைப் பார்க்காமலேயே, "உன் வீடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பக்கத்தில்தான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பூஞ்சேரி தாண்டி வண்டி திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பியபோதுதான் எங்கள் பூத் என் கண்முன் வந்தது. ஒரு நாற்காலியைத் தவிர உட்கார எதுவும் இல்லாத பூத். மின்விசிறியும் ஒரு பக்கமாக ஆடும்.

அம்மா என்னைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "இன்னாடி நீ, வெள்ளிக்கெயம அதுவுமா கூட்டிகினு வந்துக்கிற. அவங்க ஊர்ல மீனு இல்லாம சோறு எறங்காதுன்னு நீதானே சொன்ன. நம்ம வூட்ல இன்னிக்கு கவிச்சி ஆவாதே." வெள்ளிக்கிழமை எங்கள் அடுப்பில் மீன் ஏறாது. விருந்தாளியை வெறும் சாம்பாருடன் அனுப்பவும் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில் எதிர் வீட்டுக்காரம்மாவிடம் காசைக் கொடுத்து, அவர்கள் அடுப்பில் சங்கரா மீன் குழம்பு வைக்கச் சொன்னார். சோறு எங்கள் வீட்டில், குழம்பு எதிர் வீட்டில், சாப்பிட்டது நடுவில் இருந்த பூத்தில். ஆபா கையால் முள் எடுத்துச் சாப்பிட்ட அழகை அம்மா வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிறுசேரி கேன்டீன் சாம்பாரை வாரம் முழுக்கச் சகித்துக்கொண்டிருந்தவர், இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டுக்கொண்டே ஆபா கேட்டார். கூட்டம் குறைந்துவிட்டதே, இங்கேயே செல்போன் ரீசார்ஜ் விற்கலாமே? நான் தமிழில் சொன்னதும் அம்மா கையை விரித்தார். "ஏன் கேக்கற போ. செங்கல்பட்டு ஏஜென்டு ஆபீசுக்கு நடையா நடந்தாச்சு. பூத்து உன் வூட்டுக்காரர் பேர்ல கீது, அவரை வந்து கையெழுத்து போடச் சொல்லுன்றான். செத்துட்டாருபான்னா, அப்ப பேரு மாத்திகினு வான்றான். அங்க போனா இங்க போன்றான், இங்க வந்தா அங்க போன்றான்." அப்பா அந்த நாற்காலியில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. எண்ணைச் சுழற்றியதும், பில் கிழித்ததும், அவசரத்துக்கு ஓடிவந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததும் அம்மாதான். பெயர் மட்டும் அப்பாவுடையது. இதை நான் மொழிபெயர்த்துக்கொண்டு வரும்போதே எனக்கு உறைத்தது; அதற்கு முந்தின நாள் சிவப்பு எழுத்தை நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆபா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். எங்கள் நாட்டில் பல கிராமங்களுக்குத் தொலைபேசி முதலில் பெண்கள் பேரில்தான் வந்தது, ஊரே அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று மட்டும் சொன்னார். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "குடுத்து வச்சவளுங்க" என்றார்.

கிளம்பும்போது அம்மா ஒரு காரியம் செய்தார். ஆபாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "இவங்க நாளைக்கு சைன் போட்டா உனக்கு பெர்மனென்ட்டு ஆவும்னு சொன்னியே, ஒரு வார்த்தை கேளேண்டி" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆபாவிடம், குழம்பில் காரம் அதிகமோ என்று அம்மா கேட்கிறார் என்றேன். ஆபா தலையாட்டினார். வண்டி பூஞ்சேரி வந்ததும், "காரத்தைப் பற்றிக் கேட்டதில் சைன், பெர்மனென்ட் என்ற சொற்கள் எதற்கு வந்தன?" என்று கேட்டார். வேறு வழியில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். ஆரஞ்சுப் பட்டை, தம்பியின் படிப்பு, மேலாளரின் வாக்கு. ஆபா படூர் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிகளைக் காட்டி, இதில் யார் குடியிருப்பார்கள் என்று கேட்டதோடு சரி. அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். மீனும் சாப்பிட்டாயிற்று, விஷயமும் தெரிந்தாயிற்று, மனிதர்கள் வேறென்ன செய்வார்கள்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு மேலாளர் கேக் வரவழைத்திருந்தார். ஆபா கேக்கைத் தொடவில்லை, பேனாவையும் தொடவில்லை. "என்னால் கையெழுத்துப் போட முடியாது" என்றார். எக்ஸ் போட்டு ஓட்டலாமே என்று மேலாளர் மறுபடி ஆரம்பித்தார். "என் நாட்டில் கடை வைத்திருக்கும் அத்தனை பெண்களுக்கும் முன்னால் ஒரே எக்ஸ். நாளைக்கு எவனாவது ஒரு ஆபீசர் வந்து, இது யாருடைய எழுத்து, அவரை வந்து கையெழுத்துப் போடச் சொல் என்று கேட்பான். அவள் எங்கே போவாள்? அடுத்த பதிப்பு வரும்வரை அலைவாளா?" என்றார். நன்றியோடு எழுதுகிற இந்த இடத்திலும் ஒன்றை மறைக்கப் போவதில்லை; அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் வந்தது கொலைக் கோபம். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக அம்மா ஊரைக் கூட்டிப் பொங்கிப் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு இப்படிச் செய்கிறாரே என்று பொருமினேன்.

அவர் இன்னும் முடிக்கவில்லை. "வேறு கம்பெனிக்குப் போகிறேன் என்று நான் சொல்லவில்லை. நீங்களே சரிசெய்யுங்கள், காத்திருக்கிறேன். ஆனால் ஆள் மாறக் கூடாது. நீலப் பட்டை, ஆரஞ்சுப் பட்டை, இங்கே இருக்கிற எல்லோரும் முடியும்வரை இருக்க வேண்டும். இந்தத் திருத்தத்தை அந்தப் பெண் பார்க்கட்டும்" என்று என்னைக் காட்டினார். "எதற்காகச் செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு ஆள் குறைந்தாலும் நான் முதல் பக்கத்திலிருந்து மறுபடி சோதிப்பேன்." முதல் பக்கத்திலிருந்து என்றதும் டீம் லீடரின் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும். அந்த அம்மாளின் சோதனையை அவர் ஒருமுறை அனுபவித்தவர். ஒருத்தரையும் அனுப்பக் கூடாது சார் என்று மேலாளரிடம் முதலில் வாதாடியவர் அவர்தான்.

அஸ்திவாரத்தைத் தோண்டித்தான் எடுத்தோம். மழைக்காலம் முழுக்க அதே வேலை. பெயர் என்றால் அவரவர் சொல்வதுதான் பெயர், ஒரு சொல்லோ நாலு சொல்லோ, அப்படியே உள்ளே போக வேண்டும் என்று ஆனது. காத்மாண்டுக்கும் கொழும்புக்கும்கூட அதையே கொடுத்தோம். அவர்களும் இதே சிவப்பு எழுத்தில் முட்டிக்கொண்டு, ஏதோ ஒரு எழுத்தைப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆபா வாரா வாரம் ஸ்பீக்கர் போனில் வருவார். குற்றங்குறைகளைச் சொல்லி முடித்ததும், அம்மா எப்படி இருக்கிறார் என்பார். ஒருநாள், கடை யாருடையது என்று அந்த ஏஜென்ட் ஆபீசில் நீ போய்க் கேட்டாயா என்று என்னைக் கேட்டார். நான் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை லீவு போட்டு அம்மாவுடன் செங்கல்பட்டு போய், மேலே கீழே ஏறி இறங்கி, மாலைக்குள் அம்மா பெயரில் ரீசார்ஜ் விற்க எழுதி வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன். எனக்கு அவ்வளவு சத்தமாகப் பேச வரும் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். தை பிறந்த பிறகு டாக்காவிலிருந்து ஒப்புதல் வந்தது. எங்கள் எல்லோருக்கும் நீலப் பட்டை கிடைத்தது.

இப்போது நான் வேறு கம்பெனியில், வேறு கண்ணாடிக் கட்டடத்தில். கோவளம் சாலையில் மீன் விற்கும் பெண்ணின் கூடையில் கட்டங்கட்டமான அட்டை தொங்குகிறது. போனைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. என் குழுவில் இருக்கும் இளைஞர்கள், இதில் நம்மை அடிச்சுக்க அக்கம்பக்கத்தில் ஆளே இல்லை என்று பேசும்போது நான் குறுக்கே பேசுவதில்லை, பெருமைப்படட்டும். ஆனால் புதிதாக ஒரு திரை வரைந்து கொண்டுவந்தால், இதை எந்த ஊரில் யார் திறப்பார், அவருக்கு என்ன பெயர் இருக்கும் என்று கேட்காமல் விடுவதில்லை. பேஜாரு புடிச்ச மேடம் என்று என்னைச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேள்வி. சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் டாக்காவிலிருந்து ஒரு குழு சென்னைக்கு வந்தது. அதில் ஒருவர் ஆபாவிடம் வேலை பார்த்தவர். பேச்சுவாக்கில் சொன்னார்: சிறுசேரிக்கு வந்த அந்தச் சமயம், டாக்காவில் இந்த ரீசார்ஜ் சேவையின் திறப்பு விழாவுக்கு எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு, கையெழுத்தோடு வா என்றுதான் ஆபாவை அனுப்பியிருந்தார்களாம். வெறுங்கையோடு போய் நின்றவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அவருக்குக் கீழே இருந்தவருக்குப் போய்விட்டது. பிறகு வெகுகாலம் ஒரு மூலை அறையில் உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் வேலையை வாரா வாரம் அந்த மூலையிலிருந்துதான் கேட்டு வாங்கியிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் நிலைமையை வண்டியில் உட்கார்ந்து நான் அத்தனை சொன்னேன். தன் நிலைமையும் அதேதான் என்று அவர் சொல்லவில்லை.

அன்று மாலையே ஆபாவுக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். குரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது, மற்றபடி அதே அவசரமில்லாத குரல். என் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர் போட்ட கையெழுத்து இல்லை, அன்றைக்குப் போடாததுதான், அதற்கு நன்றி சொல்ல இத்தனை வருடம் எனக்கு விவரம் தெரியவில்லை என்று திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். ஏன் ஆபா அப்போதே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தால் நீ உட்கார்ந்து அழுதிருப்பாய், வேலை கெட்டிருக்கும்" என்றார். "இப்போது வேண்டுமானால் அழு. வேலைதான் முடிந்துவிட்டதே."

அழுதேன். அவர் போனை வைக்காமல் இருந்தார்.